தங்கம் எதற்கு உத்தரவாதம் தருகிறது, எதற்குத் தருவதில்லை?

“தங்கத்தில் போட்ட பணம் எங்கும் போகாது” என்ற பேச்சு அடிக்கடி காதில் விழுகிறது. வங்கி வைப்பைப் பற்றியும் அரசுக் கடன் பத்திரத்தைப் பற்றியும் இதே தொனியில்தான் பேசுகிறார்கள். கூர்ந்து கவனித்தால், ‘பாதுகாப்பானது’ என்ற ஒரே சொல்லுக்குள் மூன்று தனித்தனி நம்பிக்கைகள் அடைபட்டுக் கிடப்பது தெரியும்: போட்ட பணம் தொலைந்து போகாது என்பது ஒன்று, அதன் மதிப்பு குறையாது என்பது இன்னொன்று, அது நிச்சயமாக வளரும் என்பது மூன்றாவது. முதலாவது உண்மையாக இருக்கும் இடத்தில் மற்ற இரண்டும் பொய்த்துப் போகலாம். சேமிப்பு முழுவதையும் ஒரே பொருளில் போட்டுவிட்டு, பணம் தேவைப்படும் நாளில் விலை இறங்கிக் கிடப்பதைப் பார்த்து நொந்து போகிறவர்கள் பெரும்பாலும் பேராசைக்காரர்கள் அல்லர். இந்த மூன்றையும் ஒன்றென்று எண்ணியவர்கள். அவர்களை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன். முதலீட்டைப் பற்றி எதுவும் தெரியாதவரும் தொடர்ந்து படிக்கலாம்.

வாக்குறுதியும் எதிர்பார்ப்பும்

நண்பர் ஒருவர் உங்கள் குடையை வாங்கிக்கொண்டு, “வெள்ளிக்கிழமை திருப்பித் தருகிறேன்” என்கிறார். இது ஒரு வாக்குறுதி. இதில் யார் தருகிறார், எதைத் தருகிறார், எப்போது தருகிறார் என்ற மூன்றும் தெளிவாக இருக்கின்றன. தராவிட்டால் யாரைக் கேட்பது என்பதும் தெரியும். இன்னொருவர், “போன மூன்று வருடமும் இந்த வாரத்தில் மழை பெய்தது, இந்த வருடமும் பெய்யும்” என்கிறார். இது எதிர்பார்ப்பு. மழை பெய்யாவிட்டால் அவரைப் போய்க் கேட்க முடியாது. மேகத்தையும் கேட்க முடியாது.

உத்தரவாதம் என்பது முதல் வகையைச் சேர்ந்தது. குறிப்பிட்ட ஒருவர், குறிப்பிட்ட ஒன்றை, குறிப்பிட்ட காலத்தில் தருவதாக ஏற்றுக்கொள்ளும் பொறுப்புக்குத்தான் அந்தப் பெயர். ஆகவே எந்த முதலீட்டைப் பற்றியும் ‘உத்தரவாதம் உண்டு’ என்று யாராவது சொன்னால், முதலில் எழ வேண்டிய கேள்வி, ‘தருவது யார்?’ என்பதே. வங்கி வைப்பில் அது வங்கி. அரசுக் கடன் பத்திரத்தில் அது அரசு. தங்கத்தில் அப்படி யாருமே இல்லை. தங்கத்தைப் பற்றிய குழப்பத்தில் பாதி, இந்த ஓர் உண்மையைக் கவனிக்காததால் வருவது.

கல்லும் மரமும்

ஒரு நிலத்தில் பழமரம் ஒன்று நிற்கிறது. அதன் அருகில் அழகான, அழியாத கல் ஒன்று கிடக்கிறது. மரம் ஆண்டுதோறும் காய்க்கும். பட்டுப் போகவும் கூடும். கல் பட்டுப் போகாது. ஆனால் காய்க்கவும் காய்க்காது. பத்து ஆண்டுகள் கழித்துப் போய்ப் பார்த்தால் அதே கல் அதே எடையில் கிடக்கும்.

தங்கம் அந்தக் கல். பத்து கிராம் தங்கத்தை இருபது ஆண்டுகள் பெட்டிக்குள் வைத்திருந்தால், இருபது ஆண்டு முடிவில் கையில் இருப்பது பத்து கிராம்தான். துருப்பிடிக்காது, அழுகாது, யாருடைய திவாலாலும் காணாமல் போகாது. எடைக்கும் தூய்மைக்கும் தங்கமே உத்தரவாதம் என்று தாராளமாகச் சொல்லலாம். ஆனால் அது வட்டி தருவதில்லை. அதிலிருந்து ஆதாயம் வர வேண்டுமென்றால், நீங்கள் கொடுத்த விலையைவிட அதிக விலை கொடுக்க இன்னொருவர் முன்வர வேண்டும். அந்த இன்னொருவர் யார், எப்போது வருவார், என்ன கொடுப்பார் என்பது எந்த ஒப்பந்தத்திலும் எழுதப்படவில்லை.

அந்த விலை எப்படி உருவாகிறது? பெரும்பாலான பொருள்களின் விலையை, ஆண்டுதோறும் எவ்வளவு உற்பத்தியாகிறது, எவ்வளவு செலவாகிறது என்ற கணக்கு தீர்மானிக்கிறது. தங்கம் செலவாகித் தீர்வதில்லை. மனிதர்கள் இதுவரை தோண்டியெடுத்ததில் பெரும்பகுதி, சுமார் இரண்டு லட்சம் டன், இன்றும் யாருடைய கையிலாவது இருக்கிறது. சுரங்கங்கள் ஆண்டுக்குச் சேர்ப்பது அதில் இரண்டு விழுக்காட்டுக்கும் குறைவு. எனவே, ஏற்கெனவே தங்கம் வைத்திருப்பவர்கள் விற்க விரும்புகிறார்களா, இன்னும் வாங்க விரும்புகிறார்களா என்ற மனநிலைதான் விலையை முக்கியமாக ஆட்டுகிறது. அந்த மனநிலையை மாற்றுபவை பல: போர் பற்றிய அச்சம், டாலரின் வலிமை, மத்திய வங்கிகள் வாங்கும் அளவு, எல்லாவற்றுக்கும் மேலாக வட்டி விகிதம். வங்கியில் நல்ல வட்டி கிடைக்கும் காலத்தில், வட்டியே தராத கல்லை வைத்திருப்பதால் இழப்பது அதிகம். வட்டி அடிமட்டத்தில் இருக்கும்போது அந்த இழப்பு குறைவு.

ஆக, தங்கம் தரும் உறுதி எடையைப் பற்றியது. விலையைப் பற்றி அது எந்த உறுதியும் தரவில்லை.

1980 ஜனவரியில் வாங்கியவர்

இதை ஓர் உண்மையான காலகட்டத்தில் வைத்துப் பார்ப்போம். இரண்டாம் உலகப் போருக்குப் பின், ஓர் அவுன்ஸ் தங்கத்துக்கு, அதாவது சுமார் 31.1 கிராமுக்கு, 35 டாலர் என்ற விலையை அமெரிக்க அரசு காத்து வந்தது. வெளிநாட்டு அரசுகள் டாலரைக் கொடுத்தால் அந்த விலையில் தங்கம் தருவதாக வாக்களித்திருந்தது. தங்கத்தின் விலைக்கு உத்தரவாதம் என்று ஒன்று இருந்தது அந்த ஏற்பாட்டில்தான். அங்கேயும் வாக்கைத் தந்தது உலோகம் அல்ல, ஓர் அரசு. 1971 ஆகஸ்ட் 15 அன்று அதிபர் நிக்சன் அந்த வாக்கைத் திரும்பப் பெற்றார். அதன் பிறகு விலை கட்டவிழ்ந்தது. எழுபதுகளின் கடும் விலைவாசி உயர்வும் அரசியல் கொந்தளிப்பும் சேர்ந்து, 1980 ஜனவரி 21 அன்று லண்டன் சந்தையில் அதை 850 டாலருக்குக் கொண்டு போய் நிறுத்தின.

அந்த வாரத்தில் வாங்கியவர் எந்த நம்பிக்கையில் வாங்கியிருப்பார் என்று ஊகிப்பது கடினமல்ல. ஒன்பதே ஆண்டுகளில் இருபத்து நான்கு மடங்கு ஏறிய பொருள் அது. ‘தங்கம் இறங்கவே இறங்காது’ என்று சொல்ல அவரிடம் ஆதாரம் இருந்தது. ஆனால் விலைவாசியை அடக்க அமெரிக்க மத்திய வங்கி வட்டியை 20 விழுக்காட்டை நெருங்கும் அளவுக்கு உயர்த்தியது. வட்டி தராத கல்லை விட்டுப் பணம் வெளியேறியது. 1999-இல் ஓர் அவுன்ஸ் 250 டாலரைச் சற்றே தாண்டிய நிலையில் கிடந்தது. மீண்டும் 850 டாலரைத் தொட்டது 2008 ஜனவரியில்; இருபத்தெட்டு ஆண்டுகள் கழித்து. அதற்குள் அமெரிக்காவில் பொதுவான விலைவாசி இரண்டரை மடங்குக்கும் மேல் ஏறியிருந்தது. ஆகவே கையில் திரும்பி வந்த அதே 850 டாலரில், 1980-இல் வாங்கக்கூடிய பொருள்களில் பாதியைக்கூட வாங்க முடியாது.

உச்சத்தில் வாங்கியவரை மட்டும் காட்டுவது நியாயமா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். 1971-இல் வாங்கியவருக்கும் 2001-இல் வாங்கியவருக்கும் தங்கம் அள்ளிக் கொடுத்தது. ஆனால் நாம் இங்கே ஆராய்வது தங்கம் நல்ல முதலீடா என்பதை அல்ல, அது உத்தரவாதம் தருகிறதா என்பதை. வாங்கிய ஆண்டைப் பொறுத்து ஒருவருக்கு இருபத்து நான்கு மடங்கும் இன்னொருவருக்கு இருபத்தெட்டு ஆண்டுக் காத்திருப்பும் கிடைக்குமானால், அதற்கு உத்தரவாதம் என்று பெயரில்லை.

நெருக்கடி வந்தால் தங்கம் நிச்சயம் ஏறும் என்ற நம்பிக்கையும் பாதிதான் சரி. 2008 நிதி நெருக்கடியின்போது, மார்ச் மாதத்தில் 1,000 டாலரைத் தாண்டியிருந்த விலை, அக்டோபருக்குள் ஏறத்தாழ 30 விழுக்காடு சரிந்தது. காரணம் எளிது: எல்லோருக்கும் ரொக்கம் தேவைப்பட்டது, விற்கக்கூடியது எதுவோ அதை விற்றார்கள். அடுத்த மூன்று ஆண்டுகளில் விலை பெரிதும் உயர்ந்தது என்பதும் உண்மையே. ஆனால் பணம் அக்டோபரில் தேவைப்பட்டவருக்கு அந்த உயர்வால் பயனில்லை. அதுபோலவே, அமெரிக்காவில் விலைவாசி உயர்வு நாற்பது ஆண்டு உச்சத்தைத் தொட்ட 2022-இல், டாலர் கணக்கில் தங்கம் கிட்டத்தட்ட தொடங்கிய இடத்திலேயே ஆண்டை முடித்தது.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். கையில் இருக்கும் தங்கத்தை யாரும் தொட முடியாது என்பதுகூட முழு உண்மையல்ல. 1933-இல் அமெரிக்க அரசு, குடிமக்கள் தம் தங்கத்தின் பெரும்பகுதியை அவுன்ஸுக்கு 20.67 டாலர் விலையில் ஒப்படைக்க வேண்டும் என்று ஆணையிட்டது. மறு ஆண்டே அதிகாரபூர்வ விலையை 35 டாலராக உயர்த்தியது.

சுருங்கும் அளவுகோல்

இனி வங்கி வைப்புக்கு வருவோம். இங்கே வாக்குறுதி தெளிவாக இருக்கிறது: இவ்வளவு அசல், இவ்வளவு வட்டி, இந்த நாளில். அப்படியானால் இங்கே எது குறை?

துணி அளக்கும் நாடா ஒன்று ஆண்டுதோறும் சிறிது சிறிதாகச் சுருங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கடைக்காரர் பத்து ஆண்டு கழித்துப் பத்து முழம் தருவதாக வாக்களித்து, சொன்னபடியே பத்து முழம் அளந்தும் தருகிறார். அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் துணி போதவில்லை, ஏனென்றால் முழமே குட்டையாகிவிட்டது. பணமும் அப்படிப்பட்ட நாடாதான். பொருள்களின் விலை பொதுவாக ஏறிக்கொண்டே போவதால் பணத்தின் வாங்கும் திறன் தேய்வதைப் பணவீக்கம் என்கிறோம். வங்கி சொல்லும் வட்டி, பணத்தை எண்ணிக்கையில் மட்டும் அளப்பது. அது பெயரளவு ஆதாயம். பணவீக்கத்தைக் கழித்தபின் மிஞ்சுவது மெய்யான ஆதாயம்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 100 அலகு பணத்தை ஆண்டுக்கு 6 விழுக்காடு கூட்டு வட்டியில் பத்து ஆண்டுகளுக்கு வைக்கிறீர்கள். முடிவில் வங்கி 179 தருகிறது. வாக்கு அட்சரசுத்தமாக நிறைவேறியது. அதே பத்து ஆண்டில் விலைவாசி ஆண்டுக்கு 7 விழுக்காடு ஏறியிருந்தால், முன்பு 100-க்குக் கிடைத்த பொருள்களுக்கு இப்போது 197 வேண்டும். கையில் இருக்கும் 179, பழைய கணக்கில் 91-க்குச் சமம். வட்டிக்கு வரி உண்டென்றால் இன்னும் குறையும். பாஸ்புக்கில் எண் வளர்ந்துகொண்டே இருப்பதால் இந்த இழப்பு கண்ணில் படுவதில்லை. என்னைக் கேட்டால், தங்க விலை ஒரே மாதத்தில் சரிவதைவிட இந்த மெதுவான தேய்மானம்தான் அதிகக் குடும்பங்களைச் சத்தமில்லாமல் பாதிக்கிறது.

வாக்குத் தருபவர் நிலைத்திருப்பாரா என்ற கேள்வியும் இருக்கிறது. வங்கி மூழ்கினால் வைப்பாளருக்கு ஒரு வரம்பு வரை ஈடு செய்யும் ஏற்பாட்டுக்கு வைப்புக் காப்பீடு என்று பெயர். அமெரிக்காவில் ஒரு வங்கியில் ஒருவருக்கு அந்த வரம்பு 2,50,000 டாலர். ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் 1,00,000 யூரோ. வரம்புக்கு உட்பட்ட தொகைக்குப் பின்னால் வலுவான வாக்குறுதி நிற்கிறது. வரம்பைத் தாண்டிய தொகைக்கு என்ன நடக்கும் என்பது அந்தந்த நெருக்கடியைப் பொறுத்தது. 2013-இல் சைப்ரஸ் வங்கியில் வரம்புக்கு மேல் இருந்த பணத்தில் 47.5 விழுக்காடு வங்கிப் பங்குகளாக மாற்றப்பட்டது. 2023 மார்ச்சில் அமெரிக்காவின் சிலிக்கான் வேலி வங்கி வீழ்ந்தபோதோ, அரசு அமைப்புகள் தலையிட்டு வரம்புக்கு மேற்பட்ட தொகையையும் முழுமையாகக் கிடைக்கச் செய்தன. இரண்டாவது நிகழ்வு இரக்கமா, அவசியமா என்று விவாதிக்கலாம். முன்கூட்டியே தரப்பட்ட உத்தரவாதம் மட்டும் அல்ல.

சுருக்கமாக: வைப்பில் எண்ணிக்கைக்கு உத்தரவாதம் உண்டு, அதுவும் ஒரு வரம்பு வரை. வாங்கும் திறனுக்கு இல்லை.

அரசு வாக்குத் தவறாமலே பணம் பாதியாவது

அரசு நம்மிடம் கடன் வாங்கி, ஆண்டுதோறும் குறிப்பிட்ட வட்டியும் கடைசியில் அசலும் தருவதாக எழுதித் தரும் சீட்டு, அரசுக் கடன் பத்திரம். அசல் திரும்பி வரும் நாளை முதிர்வு நாள் என்பார்கள். இதைவிடப் பாதுகாப்பானது இல்லை என்று சொல்லப்படுவதற்குக் காரணம் உண்டு: அரசுக்கு வரி விதிக்கும் அதிகாரம் இருக்கிறது, சொந்த நாணயத்தில் கடன் வாங்கியிருந்தால் அந்த நாணயத்தை வெளியிடும் அதிகாரமும் இருக்கிறது. இருந்தும் அரசுகள் தவறியதுண்டு. ரஷ்யா 1998-இலும் அர்ஜென்டினா 2001-இலும் தவறின. 2012-இல் கிரேக்கத்தின் பத்திரங்களை வைத்திருந்த தனியார் முதலீட்டாளர்கள் முகமதிப்பில், அதாவது பத்திரத்தில் எழுதப்பட்ட அசல் தொகையில், 53.5 விழுக்காட்டை விட்டுக்கொடுக்க வேண்டியதாயிற்று.

ஆனால் பலருக்கும் புரியாமல் போவது வேறொன்று. அரசு ஒரு தவணைகூடத் தவறாமல் இருக்கும்போதும் பத்திரத்தின் விலை சரியும். எப்படியென்றால், 1,000 முகமதிப்புள்ள, பத்தாண்டு கழித்து முதிரும், ஆண்டுக்கு 40 வட்டி தரும் பத்திரம் ஒன்று உங்களிடம் இருக்கிறது. அதாவது 4 விழுக்காடு. வாங்கிய சில நாள்களில் சந்தையில் வட்டி ஏறி, புதிய பத்திரங்கள் 1,000-க்கு 60 தரத் தொடங்குகின்றன. இப்போது உங்கள் பத்திரத்தை விற்கப் போனால், அதே ஆயிரத்துக்கு 60 கிடைக்கும்போது 40 தருவதை எவரும் முழு விலைக்கு வாங்க மாட்டார். குறைகிற வட்டிக்கு ஈடாக விலையைக் குறைத்தால்தான் வாங்குவார். கணக்கிட்டால் அந்த விலை ஏறத்தாழ 853. வட்டி ஏறினால் பழைய பத்திரத்தின் விலை இறங்கும். வட்டி இறங்கினால் விலை ஏறும். முதிர்வு நாள் எவ்வளவு தொலைவில் இருக்கிறதோ, அந்த ஆட்டமும் அவ்வளவு பெரிது.

2020-இல் ஆஸ்திரிய அரசு, 0.85 விழுக்காடு வட்டியில், 2120-இல் முதிரும் நூறாண்டுப் பத்திரம் ஒன்றை வெளியிட்டது. நம்பகமான அரசு, நூறாண்டு வாக்கு. 2022-இல் உலகெங்கும் வட்டி விகிதங்கள் வேகமாக ஏறியபோது அதன் சந்தை விலை முகமதிப்பில் பாதிக்கும் கீழே போயிற்று. ஆஸ்திரியா யாரையும் ஏமாற்றவில்லை. முதிர்வு வரை வைத்திருப்பவருக்கு அசல் வரும் என்ற வாக்கு அப்படியேதான் நிற்கிறது. நடுவில் விற்றால் என்ன கிடைக்கும் என்று அது ஒருபோதும் சொல்லியிருக்கவில்லை. மேலே சொன்ன சிலிக்கான் வேலி வங்கியைச் சாய்த்ததிலும் இதே விசைக்குப் பெரும் பங்கு உண்டு: பாதுகாப்பான நெடுங்காலப் பத்திரங்களில் பணத்தைப் போட்டிருந்த அந்த வங்கி, வைப்பாளர்கள் பணம் கேட்டபோது சுமார் 21 பில்லியன் டாலர் மதிப்புள்ள பத்திரங்களை விற்று, ஏறத்தாழ 1.8 பில்லியன் டாலர் நட்டத்தை அறிவித்தது. இரண்டே நாளில் வங்கி மூடப்பட்டது.

உயர்ந்த ஆதாயம், அதற்கும் உத்தரவாதம்

இதுவரை பார்த்த மூன்றிலும், ஓர் ஆபத்து குறையும் இடத்தில் இன்னோர் ஆபத்து நுழைகிறது. அதனால்தான், சந்தையைவிட மிக அதிகமான ஆதாயத்தை ‘உத்தரவாதத்தோடு’ தருவதாக யாரேனும் சொன்னால், அந்த வாசகத்தையே எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ள வேண்டும். உண்மையிலேயே ஆபத்தில்லாமல் அதிக வட்டி கட்ட முடிந்தவருக்கு வங்கிகளே குறைந்த வட்டியில் கடன் தருமே, அவர் நம்மிடம் ஏன் வருகிறார்? 2008 டிசம்பரில் அமெரிக்காவில் கைதான, பிறர் பணத்தை முதலீடு செய்து தருவதாகச் சொல்லிவந்த பெர்னார்டு மேடாஃப், நம்ப முடியாத உயரத்தைக் காட்டி ஆட்களைக் கவரவில்லை; சந்தை ஏறினாலும் இறங்கினாலும் ஆண்டுதோறும் ஒரே சீராக வந்த ஆதாயத்தைக் காட்டியே பல ஆண்டுகள் நம்ப வைத்தார். பின்னால் வந்தவர்களின் பணத்தைத்தான் முன்னால் வந்தவர்களுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார் என்பது பிறகு வெளிப்பட்டது. சீராக வருவதே பாதுகாப்புக்குச் சான்று என்று நம்பியவர்கள் அதில் நாசமானார்கள்.

எதிலிருந்து பாதுகாப்பு?

இப்போது அந்தச் சொல்லுக்குத் திரும்பலாம். ‘பாதுகாப்பான முதலீடு’ என்பது முடிவு பெறாத தொடர். எதிலிருந்து பாதுகாப்பு என்று சேர்த்தால்தான் பொருள் முழுமையாகும். வாக்குத் தருபவர் திவாலாவதிலிருந்து தங்கம் காக்கும். விலை ஆட்டத்திலிருந்து காக்காது. காப்பீடு செய்யப்பட்ட வைப்பு விலை ஆட்டத்திலிருந்து காக்கும். நீடித்த பணவீக்கத்திலிருந்து காக்காது. முதிர்வு வரை வைத்திருக்கும் அரசுப் பத்திரம் எண்ணிக்கையைக் காக்கும்; இடையில் விற்க வேண்டிய அவசரத்திலிருந்து காக்காது. எனவே பொருளைவிட முதலில் பணம் தேவைப்படும் நாளைப் பார்ப்பது உதவும். அடுத்த ஆண்டு கட்டியாக வேண்டிய கட்டணத்துக்கான பணத்தை, 2008 அக்டோபரைப் போன்ற ஒரு மாதம் வந்தால் 30 விழுக்காடு குறைந்துவிடக்கூடிய பொருளில் வைப்பது பொருத்தமில்லை. இருபது ஆண்டு கழித்துத் தேவைப்படும் பணம் முழுவதையும் வைப்பில் மட்டும் வைத்தால், சுருங்கும் நாடாவின் கணக்கு அதைத் தின்னும்.

பணவீக்கத்துக்கும் சேர்த்து ஒருவர் வாக்குத் தரும் ஏற்பாடு எதுவுமே இல்லையா என்று கேட்டால், ஒன்று இருக்கிறது. விலைவாசிக் குறியீடு ஏற ஏற, அசலையும் அதற்கேற்ப உயர்த்தித் தரும் அரசுப் பத்திரங்களை பிரிட்டன் 1981 முதலும் அமெரிக்கா 1997 முதலும் வெளியிட்டு வருகின்றன. முதிர்வு வரை வைத்திருப்பவருக்கு, முழு உத்தரவாதத்துக்கு மிக அருகில் வருவது இதுவே. ஆனால் அந்தப் பாதுகாப்பும் இலவசமாகக் கிடைப்பதில்லை. 2021-இல் அமெரிக்காவின் பத்தாண்டுப் பணவீக்கப் பத்திரத்தை வாங்கியவர்கள் ஏற்றுக்கொண்ட மெய்யான ஆதாயம் ஆண்டுக்கு ஏறத்தாழ மைனஸ் 1 விழுக்காடு. பத்தாண்டு முடிவில் வாங்கும் திறன் சுமார் பத்தில் ஒரு பங்கு குறைந்திருக்கும் என்று தெரிந்தே, அதற்கு மேல் குறையாது என்ற உறுதிக்காக அவர்கள் அந்த விலையைக் கொடுத்தார்கள்.